வாயிற்கதவும் ஓர் இடைமுகமே: திருப்பதியில் ஊடாட்ட வடிவமைப்பைக் கற்பிப்போர் காண மறுப்பது

2025 ஜனவரி 8 இரவு, திருப்பதியின் பைராகிப்பட்டேடா பகுதியில் ஒரு வாயிற்கதவு திறந்தது. வைகுண்ட துவார தரிசனத்துக்கான இலவச டோக்கன்கள் மறுநாள் விடியற்காலையில்தான் வழங்கப்படவிருந்தன. ஆயினும் பகலிலிருந்தே மக்கள் வந்து குவிந்திருந்தனர். அருகிலிருந்த பூங்காவில் அவர்களை அமரவைத்திருந்தனர். உடல்நலம் குன்றிய ஒருவரை வெளியே கொண்டுவரக் கதவு திறக்கப்பட்டதாகவும், டோக்கன் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று எண்ணிக் கூட்டம் முன்னே பாய்ந்ததாகவும் அப்போதைய செய்திகள் கூறின. அன்று ஆறு பேர் இறந்தனர், பலர் காயமுற்றனர். இறந்தவர்களுள் தமிழ்நாட்டிலிருந்து சென்ற பெண்ணொருவரும் இருந்தார்.

இந்நிகழ்வைக் காவல்துறையின் தோல்வியாகவும் நிர்வாகத்தின் தோல்வியாகவும் பலர் எழுதினர். இரண்டையும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இது ஓர் ஊடாட்ட வடிவமைப்பின் தோல்வியும் ஆகும் என்று, அத்துறையைப் பாடமாகக் கற்பிக்கும் வகுப்பறைகள் சொல்லியிருக்க வேண்டும். பல மணி நேரம் காத்திருந்த ஒரு கூட்டத்திடம் எந்தச் செய்தியையும் தெரிவிக்கும் வேறு வழி அங்கு இருக்கவில்லை. கதவு ஒன்றே அடையாளம். மூடியிருந்தால் ‘இன்னும் இல்லை’, திறந்தால் ‘இப்போது’. ‘ஒருவர் மட்டும் வெளியே வருகிறார், மற்றவர்கள் அமர்ந்திருங்கள்’ என்னும் மூன்றாவது நிலையைச் சொல்ல அந்தக் கதவால் இயலாது. ஒரே குறி இரு பொருள் தருமானால் பயனர் தமக்கு வேண்டிய பொருளையே எடுத்துக்கொள்வார் என்பது இத்துறையின் முதற்பாடங்களுள் ஒன்று. அப்பாடத்தை நடத்தும் ஆசிரியர்கள் அதற்கான எடுத்துக்காட்டைக் கலிபோர்னியாவில் வடிவமைக்கப்பட்ட கைபேசிச் செயலியொன்றின் பொத்தானில் தேடுகிறார்கள்.

இங்கு எழுப்பப்படும் குற்றச்சாட்டு எந்த ஒரு நிறுவனத்தின் மீதும் அன்று. ஒரு கற்பித்தல் வழக்கத்தின் மீது. பொறியியல் கல்லூரிகளிலும் தனியார் பயிற்சி நிலையங்களிலும் ‘யூஐ–யூஎக்ஸ்’ என்ற பெயரில் ஊடாட்ட வடிவமைப்பு இன்று பரவலாகக் கற்பிக்கப்படுகிறது. அதன் நடைமுறை ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்தது. மாணவர் ஒரு மென்பொருளைக் கற்கிறார். பெரும்பாலும் அது ஃபிக்மா. பிறகு ஏற்கெனவே இருக்கும் உணவு விநியோகச் செயலி ஒன்றையோ, இசைச் செயலி ஒன்றையோ ‘மறுவடிவமைப்பு’ செய்கிறார். கற்பனையாக ஒரு பயனரை உருவாக்குகிறார். அவருக்கு வயது இருபத்தைந்து, மாநகரவாசி, ஆங்கிலம் அறிந்தவர், நேரமற்றவர். அந்தப் பயனர் வடிவமைப்பாளரின் தங்கும் விடுதி அறைத்தோழரை விட்டு அதிகத் தொலைவில் இருப்பதில்லை. இறுதியில் வண்ணங்களும் வட்ட முனைகளும் கொண்ட இருபது திரைகள் போர்ட்ஃபோலியோவில் ஏறுகின்றன. இந்த முழுப் பயணத்திலும், தாம் வடிவமைத்த பொருளை ஒரு மனிதர் தவறாகப் பயன்படுத்துவதை மாணவர் ஒருமுறைகூட நேரில் பார்ப்பதில்லை.

இத்துறை இப்படித் தொடங்கவில்லை. ‘ஊடாட்ட வடிவமைப்பு’ என்ற பெயரை 1980களின் நடுவில் பில் மோக்ரிட்ஜும் பில் வெர்ப்ளாங்கும் வழக்கிற்குக் கொண்டுவந்தனர். மோக்ரிட்ஜ் ஒரு தொழிற்பொருள் வடிவமைப்பாளர். தூக்கிச்செல்லத்தக்க கணினியொன்றின் உடலை வடிவமைத்தவர். அதைப் பயன்படுத்தத் தொடங்கியபின் உடலை மறந்து உள்ளிருக்கும் மென்பொருளோடுதான் தாம் மல்லாட வேண்டியிருப்பதை உணர்ந்து, அந்த உறவுக்கும் ஒரு வடிவமைப்புத் துறை தேவை என்று கருதினார். வெர்ப்ளாங்க் அத்துறையின் வேலையை மூன்று கேள்விகளாகச் சுருக்கினார்: எப்படிச் செய்வது? எப்படி உணர்வது? எப்படி அறிவது? திரை என்ற சொல் இவற்றுள் எங்கும் இல்லை. பைராகிப்பட்டேடாவின் கதவருகே இம்மூன்று கேள்விகளையும் கேட்டுப்பார்க்கலாம். டோக்கன் பெற அங்கு ஒருவர் செய்யக்கூடியது என்ன? காத்திருப்பதும் முந்துவதுமே. உணர்ந்தது என்ன? தம் முறை தவறிவிடும் என்ற அச்சம். அறிந்தது என்ன? ஏறத்தாழ ஒன்றுமில்லை.

1987இல் லூசி சச்மன் எழுதிய ஆய்வும் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. ஜெராக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய மானிடவியலாளர் அவர். உதவிக்குறிப்புகள் தரும் நகலெடுப்பு இயந்திரத்தோடு மனிதர்கள் திணறுவதைப் படம்பிடித்து, வரி வரியாகப் பகுத்தாய்ந்தார். பயனர் இப்படித்தான் நடந்துகொள்வார் என்ற திட்டத்தை வடிவமைப்பாளர் இயந்திரத்துள் எழுதிவைக்கிறார். பயனரோ அந்தக் கணத்தின் சூழலைப் பார்த்துச் செயல்படுகிறார். இரண்டும் விலகும் இடத்தில் இயந்திரத்துக்குத் தான் விலகிவிட்டோம் என்பதுகூடத் தெரிவதில்லை என்று காட்டினார். இதை அவர் கண்டது மனிதர்களைக் கூர்ந்து பார்த்ததால்.

பார்ப்பதற்குத் திருப்பதியைவிட வளமான இடம் வேறு எது? சர்வ தரிசனத்துக்கு இத்தனை மணி நேரம், வைகுண்டம் காத்திருப்பு அறைகளுள் இத்தனை நிரம்பின என்று தமிழ் நாளிதழ்கள் வானிலைச் செய்தி போல அன்றாடம் அச்சிடுகின்றன. அறுபது, எழுபதாயிரம் பேர் ஒரே நாளில் ஒரே சன்னிதியைக் கடக்கிறார்கள். அந்தக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தப் பல ஆண்டுகளாக முயற்சிகள் நடந்துவந்துள்ளன. சுதர்சனம் என்ற பெயரில் மணிக்கட்டில் பட்டை கட்டித் தரிசன நேரத்தை முன்கூட்டியே சொல்லும் முறை வந்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரேயுள்ள ஸ்ரீனிவாசம், ரயில் நிலையத்துக்கு எதிரேயுள்ள விஷ்ணு நிவாசம், அலிபிரியில் பூதேவி வளாகம் ஆகிய இடங்களில் நேரங்குறித்த இலவச டோக்கன் வந்தது. 300 ரூபாய்ச் சிறப்பு நுழைவுத் தரிசனச் சீட்டு இணையத்துக்குச் சென்றது. சில சேவைகளுக்கு மின்னணுக் குலுக்கல் வந்தது. இவை ஒவ்வொன்றும் ஓர் ஊடாட்டப் பொருளே. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோட்பாடும் ஒரு பயனும் ஒரு பக்கவிளைவும் உண்டு.

கைப்பட்டை செய்த வேலையை எண்ணிப்பார்க்க வேண்டும். அது காத்திருப்பின் மொத்த நேரத்தைக் குறைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. காத்திருப்பவரைப் பூட்டிய அறையிலிருந்து விடுவித்து, ‘உமக்கு இந்த நேரம்’ என்ற அறிவை அவர் உடலிலேயே கட்டிவிட்டது. அளவு தெரியாத காத்திருப்பு அளவு தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும். காரணம் சொல்லப்படாத காத்திருப்பும் நியாயமற்ற காத்திருப்பும் அவ்வாறே நீளமாகத் தோன்றும் என்று 1985இல் டேவிட் மெய்ஸ்டர் எழுதினார். மேலாண்மை மாணவர்கள் அக்கட்டுரையைப் படிக்கிறார்கள். ஊடாட்ட வடிவமைப்பு மாணவர்களோ, சுழலும் வட்டத்தைத் திரையில் எப்படி அழகாகச் சுழலவிடுவது என்பதோடு காத்திருப்பைப் பற்றிய கல்வியை முடித்துக்கொள்கிறார்கள்.

இணையச் சீட்டு மற்றொரு பாடம். வரிசை மலையிலிருந்து மறையவில்லை, கைபேசிக்குள் குடிபெயர்ந்தது. சீட்டு வெளியிடப்படும் நிமிடத்தில் இணைப்பும், ஓடிபி வந்துசேரும் எண்ணும், பயணிகள் அனைவரின் ஆதார் விவரங்களும், வேகமாகத் தட்டும் விரலும் வேண்டும். இவை இல்லாதவர் மருமகனிடமோ, தெருமுனை இணைய மையத்திடமோ செல்கிறார். ஆக, பொத்தானை அழுத்துபவர் ஒருவர். பயணம் செய்பவர் வேறொருவர். தவறான நாளைத் தேர்ந்தெடுத்தவர் வீட்டில் இருக்க, அதன் விளைவைச் சுமப்பவர் அலிபிரியில் நிற்கிறார். ‘பயனர்’ என்று ஒருமையில் பேசும் பாடநூலுக்கு இந்த இருவரையும் ஒருசேரக் காணத் தெரியாது. இந்தியாவில் பெரும்பாலான பொதுச்சேவை ஊடாட்டங்கள் இப்படி இருவர் மூவராக நிகழ்பவை என்பதை மாணவர் எங்கே கற்பார்? ஆந்திர அரசு 2025 ஜனவரி 30 அன்று ‘மன மித்ர’ என்ற பெயரில் 161 சேவைகளை வாட்ஸ்அப் உரையாடலுக்குள் கொண்டுவந்தது. அங்கே வரைவதற்குத் திரையே இல்லை. எதை முதலில் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது, பிழையான விடைக்கு என்ன மறுமொழி சொல்வது என்பனவே வடிவமைப்பு. இருபது திரைகள் கொண்ட போர்ட்ஃபோலியோ அதற்கு ஒரு சொல்லும் உதவாது.

இத்துறைக்கு இப்பகுதியில் ஒரு வரலாறும் உண்டு. அதுவும் வகுப்பறைக்குள் வருவதில்லை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் சந்திக்கும் சித்தூர் மாவட்டத்துக் குப்பத்தில், 2002இல் ஹியூலெட்–பேக்கார்ட் நிறுவனம் ஆந்திர அரசோடு சேர்ந்து ‘ஐ–கம்யூனிட்டி’ என்ற மூன்றாண்டுத் திட்டத்தைத் தொடங்கியது. ஊர்களில் தகவல் மையங்கள் அமைந்தன. சுயஉதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்களுக்கு எண்ணிமப் புகைப்படக் கருவியும், சூரிய ஆற்றலில் இயங்கும் கையடக்க அச்சுப்பொறியும் தரப்பட்டன. அடையாள அட்டைப் படங்களும் குடும்ப நிகழ்வுப் படங்களும் எடுத்து, நின்ற இடத்திலேயே அச்சிட்டுக் கொடுத்து அவர்கள் வருவாய் ஈட்டினர். நிறுவனத்தின் நோக்கத்தில் அது புதிய சந்தைக்கான சோதனை. ஆயினும் வடிவமைப்பு மாணவர் கற்க அதில் நிறைய இருந்தது: மின்சாரம் நம்பமுடியாத ஊரில் ஒரு கருவி என்ன எடை இருக்கலாம், மை தீர்ந்தால் யாரிடம் செல்வது, ஒரு படத்துக்கு என்ன விலை சொன்னால் ஊரார் வாங்குவார்கள் என்பன அனைத்தும் ஊடாட்டத்தின் பகுதிகளே.

அதே நிறுவனத்தின் பெங்களூரு ஆய்வகம் இந்திய எழுத்துகளுக்காக உருவாக்கிய விசைப்பலகையும் குறிப்பிடத்தக்கது. மெய்யெழுத்துகள் அச்சிடப்பட்ட பலகையில், வேண்டிய எழுத்தின்மேல் பேனாவை வைத்து உயிர்க்குறியை அங்கேயே வரைந்தால் உயிர்மெய் உருவாகும். எழுதத் தெரிந்த எவருக்கும் தட்டச்சுப் பயிற்சி தேவையில்லை. எழுத்தின் இலக்கணத்திலிருந்தே கருவியின் இலக்கணத்தைப் பிறப்பித்த சிந்தனை அது. ஆனால் திட்டத்தின் காலம் முடிந்ததும் நிறுவனம் குப்பத்திலிருந்து விலகியது. அங்கே நடந்ததை விமர்சனத்தோடு ஆராய்ந்த ஆங்கே ஷ்விட்டேய், தம் 2008 கட்டுரைக்கு ‘வாழும் ஆய்வகம்’ என்று பொருள்படும் தலைப்பிட்டார். மக்கள் வாழுமிடத்தை ஆய்வகமாகக் கொள்வோர், ஆய்வு முடிந்தபின் அம்மக்களுக்கு எதை விட்டுச்செல்கிறார்கள் என்ற கேள்வி இன்றைய மாணவருக்கும் உரியது. குப்பத்திலேயே 1997இல் தொடங்கிய திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது. திருப்பதியைச் சுற்றி 1954இல் தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் முதல் 2015இல் வந்த ஐஐடி வரை கல்விக்கூடங்கள் நிறைந்துள்ளன. இந்த வரலாற்றை அண்டை ஊராரே கற்காவிட்டால் வேறு யார் கற்பார்?

மொழியின் சிக்கல் இதனினும் ஆழமானது. 1911இல் உருவான சித்தூர் மாவட்டம் தமிழும் தெலுங்கும் கலந்த நிலம். 1960 ஏப்ரல் 1 அன்று எல்லைகள் மாற்றப்பட்டுத் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் நகர்ந்தபோதெல்லாம் பேச்சு நகரவில்லை. நகரியிலும் புத்தூரிலும் சத்தியவேட்டிலும் வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் தெலுங்கு படித்தவர்கள் உண்டு. தமிழைச் செவியால் அறிந்து கண்ணால் அறியாதவர்கள் அவர்கள். ‘மொழியைத் தேர்ந்தெடுக்கவும்’ என்ற பட்டியலில் அவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? பேச்சுக்கு ஒரு மொழி, எழுத்துக்கு இன்னொரு மொழி வேண்டும் என்று சொல்ல எந்தச் செயலியில் இடமிருக்கிறது? மொழியை இறுதி வாரத்து மொழிபெயர்ப்பு வேலையாகக் கருதும் பாடத்திட்டம் இக்கேள்வியை எழுப்பவே இயலாது. சித்தூர் மாணவருக்கோ இதற்கான கள ஆய்வு தம் பாட்டியின் வீட்டுத் திண்ணையில் தொடங்குகிறது.

கோயிலை விட்டு வயலுக்கு வந்தாலும் வரிசைதான். தமிழ்நாட்டில் கிளிமூக்கு என்றும் சித்தூரில் தோத்தாபுரி என்றும் அழைக்கப்படும் மாம்பழம் 2025 பருவத்தில் மிகுதியாக விளைந்து விலை சரிந்தது. ஆலைகள் தருவது 8 ரூபாய், அரசு மானியம் 4 ரூபாய், ஆகக் கிலோவுக்கு 12 ரூபாய் என்று அரசு அறிவித்தது. கூழ் ஆலைகளின் வாயில்களில் பழம் ஏற்றிய டிராக்டர்கள் நெடுக நின்றன. கோயில் வரிசையில் காத்திருப்பவர் களைப்படைகிறார். இவ்வரிசையில் காத்திருப்பது கனிந்து அழுகுகிறது. இரண்டுக்கும் ஒரே டோக்கன் முறை பொருந்துமா? பொருந்தாதெனில் வேறுபாடு என்ன? ஒரு பருவத் தேர்வுக்கு இதைவிட நல்ல வினா அமையாது.

இதற்கு எதிராக எழக்கூடிய மறுப்புகள் மூன்று, மூன்றும் மதிக்கத்தக்கவை.

முதலாவது, வேலை. கடன் வாங்கிப் படிக்கும் மாணவருக்குப் போர்ட்ஃபோலியோதான் வாயில். நேர்காணலில் திரைகளையே கேட்கிறார்கள் என்பர். உண்மை. ஆனால் ஒரே உணவுச் செயலியின் ஆயிரம் மறுவடிவங்களைப் பார்த்துச் சலித்த தேர்வாளரிடம் ஆயிரத்தோராவதை நீட்டுவது எப்படி மாணவரின் நலனாகும்? திரை வரையும் பணியைக் கருவிகள் நாளுக்கு நாள் தாமே செய்யத் தொடங்கியுள்ளன. எந்தத் திரை தேவையற்றது என்று சொல்லும் திறமையைக் கருவி தராது. மனிதர்கள் தவறுவதைப் பார்த்தே அதைப் பெற முடியும்.

இரண்டாவது, கூட்ட மேலாண்மை வடிவமைப்பாளரின் வேலையன்று, பொறியாளரின், காவலரின் வேலை என்பது. கதவின் அகலம் பொறியாளரின் வேலைதான். கதவு திறப்பதன் பொருள் என்ன என்பது யாருடைய வேலை? எவருடையதும் அன்று என்று விடப்பட்ட அந்த இடைவெளியில்தான் மக்கள் நசுங்கினர். இந்திய வடிவமைப்புக் கல்வியின் தொடக்கத்தையும் நினைவுகூரலாம். சார்ல்ஸ், ரே ஈம்ஸ் இணையர் 1958இல் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கை ஒரு சாதாரணச் சொம்பைக் கையிலெடுத்து, அதை எப்படித் தூக்குவார்கள், எப்படி ஊற்றுவார்கள், எந்த விலைக்கு வாங்குவார்கள் என்று கேட்டது. அவ்வறிக்கையின் வழியே 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. சொம்பு வடிவமைப்பின் பொருளாகலாம் என்றால் டோக்கன் ஆகாதா?

மூன்றாவது, அனுமதி. கோயில் நிர்வாகமும் அரசு அலுவலகமும் மாணவரை உள்ளே விடா என்பர். பல வேளைகளில் அப்படியே நிகழும். ஆனால் பேருந்து நிலையத்தின் விசாரணைப் பலகை முன்னும், இணைய மையத்தின் வாசற்படியிலும், மருத்துவமனைப் பதிவுச் சாளரத்தின் வெளிப்புறத்திலும் மரியாதையோடு நிற்க எவருடைய முத்திரையும் தேவையில்லை. கேட்டு மறுக்கப்பட்ட ஆசிரியர்கள் எத்தனை பேர், கேளாமலேயே மறுப்பை ஊகித்தவர்கள் எத்தனை பேர் என்பதை ஆசிரியர்களே தம்மைக் கேட்டுக்கொள்ளட்டும்.

ஆகவே சில மாற்றங்களைக் கோருவது மிகையன்று. முதற்பருவத்தில் கணினியே வேண்டாம். ஒரு மாணவருக்கு ஒரு வரிசை, ஒரு சாளரம் அல்லது ஒரு கதவு போதும். நாற்பது மணி நேரம் அதைக் கண்டு, நிகழும் பிழைகளைக் குறிக்கட்டும்: யார் தவறான வரிசையில் நின்றார், எதைப் பார்த்து அப்படி எண்ணினார், யாரிடம் கேட்டுத் திருத்திக்கொண்டார். இரண்டாம் பருவத்தில் காகிதத்திலும் அட்டையிலும் முன்மாதிரி செய்யட்டும். அதை வகுப்புத் தோழரிடம் சோதிப்பது செல்லாது. வாசிக்கத் தயங்குபவர், பிறருக்காகச் செய்பவர், இரண்டு மொழிகளுக்கு நடுவே நிற்பவர் ஆகியோரிடமே சோதிக்க வேண்டும். தம் ஊகம் எங்கே பொய்த்தது என்று எழுதுபவருக்கு, எல்லாம் சரியாக நடந்தது என்று எழுதுபவரைவிட மதிப்பெண் கூடுதலாகக் கிடைக்கட்டும். மதிப்பீட்டுக் குழுவில் சாளரத்துக்குப் பின்னே அமரும் எழுத்தர் ஒருவருக்கும் இடமிருக்கட்டும். பிழையின் சுமையை நாள்தோறும் வாங்குபவர் அவர். ஆறு திங்கள் கழித்து மாணவர் அதே இடத்துக்குத் திரும்பிச் சென்று, தாம் கண்டவற்றை அங்குள்ளவர்களுக்குப் புரியும் மொழியில் ஒப்படைக்கட்டும். குப்பம் விட்டுச்சென்ற கேள்விக்கு மாணவர் தரக்கூடிய குறைந்தபட்ச விடை அதுவே. மென்பொருள் மூன்றாம் பருவத்தில் வந்தால் போதும். ஃபிக்மாவைக் கற்கச் சில வாரங்களே போதும் என்பதை அதைக் கற்பிப்போரே அறிவர்.

இவையெல்லாம் நடந்திருந்தால் ஜனவரி 8 நிகழ்ந்திராது என்று சொல்வது பொய்யாகும். அத்தகைய விபத்துக்குக் காரணங்கள் பல. வடிவமைப்பு அவற்றுள் ஒன்று. ஆனால் அந்தக் கதவுக்கு ஒரு மூன்றாவது நிலை வேண்டும், கூட்டத்துக்குத் தமிழிலும் தெலுங்கிலும் அரைமணிக்கொருமுறை ஏதேனும் சொல்லப்பட வேண்டும், நோயுற்றவரை வெளியேற்ற வேறு வழி இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கப் பயிற்சி பெற்ற சிலராவது அவ்வூரில் இருந்திருப்பார்கள். அப்படிப்பட்டவர்களை உருவாக்கவே கல்லூரிகள் இருக்கின்றன. அடுத்த வைகுண்ட ஏகாதசிக்கும் மக்கள் வருவார்கள். அன்று திருப்பதியின் வடிவமைப்பு மாணவர்கள் எங்கே இருப்பார்கள் என்பதை அவர்களுடைய ஆசிரியர்கள் இப்போதே முடிவு செய்யலாம்.